வீரமாமுனிவர் கொண்ட கோலம்

இத்தாலி தேசத்துக் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு பிறந்த பெஸ்கி பாதிரியாரைத் தமிழுலகம் வீரமாமுனிவர் என வழங்கும். அவர்தம் நூற்பெருமை பலரும் அறிந்ததே. ஈண்டு யாம் எடுத்துக்கொண்டது அவர் உண்டதும் உடுத்ததும் பற்றிய வரலாறு. இதனைச் சிறு பொருளென அன்பர்கள் எண்ணற்க. ரோமாபுரி வரையிற் சென்று வழக்காடப்பட்ட பொருள் இது.

1698-இல் இயேசு சபையிற் சேர்ந்த அவர், 1710-இல் கோவாவை அடைந்து, மறுவருஷம் தமிழ்நாடு புகுந்து மதுரை மிஷனிற் பணியேற்றார். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் அம்மிஷனுக்கு ஒரு முறை வகுத்திருந்தார். ஞானஸ்நானம் பெறுவோர் பரங்கியர் நடையை மேற்கொள்ள வேண்டுவதில்லை. குருவே தம் நடையை மாற்றிக்கொள்ளக் கடவர் என்பது அது. முப்பது பிராயம் கடந்த பெஸ்கி, பிறந்தநாள்தொட்டுப் பழகிய ஊனுணவை விடுத்துச் சோறும் மரக்கறியும் உண்டார், காவியுடுத்தார், பெயரையும் தைரியநாதர் என மாற்றிக்கொண்டார். புலித்தோலாசனம், பல்லக்கு முதலியவற்றையும் முத்துசாமிப் பிள்ளை தம் சரித்திர நூலில் விரித்துரைப்பர். அந்நூல் அச்சேறியது 1840-இல். முனிவர் மறைந்து நூறாண்டு நெருங்கிய காலம். ஆதலின் அவ்வாடம்பரம் அனைத்தையும் நம்புதற்கு எம் மனம் ஒருப்படவில்லை.

குருவின் மாற்றம் இவ்வாறாக, குடும்பங்களின் நிலை வேறு. 1703-இல் புதுவைக்கு வந்த பாப்பரசரின் தூதர் துர்னோன், பிள்ளையார் உருப் பொறித்த தாலியையும், மணவினையில் தேங்காய் உடைத்தலையும், நீறணிதலையும் விலக்கி ஆணையிட்டார். ஞானஸ்நானம் ஒரு நாளில் முடியும். தாலியோ உற்றாரும் சுற்றத்தாரும் நாடோறும் காண்பது. அதனை மாற்றிய பெண்டிர் எத்துணைச் சொற்களைப் பொறுத்திருப்பர் என்பதை நம் இல்லங்களை அறிந்தோர் உய்த்துணர்க. தாழ்ந்தோரென ஒதுக்கப்பட்டவர் நோயுற்றால் குருமார் அவர்தம் குடிசையுட் புகுந்து தேவதிரவிய அனுமானங்கள் வழங்குதல் வேண்டும் என்பதும் அவ்வாணையுள் ஒன்று. வழக்கு நாற்பதாண்டு நீண்டது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் இறுதித் தீர்ப்பளித்தபோது, அப்பணிக்கென வேறு குருமாரை நியமிக்கும் ஏற்பாடே நிகழ்ந்தது. ஊணும் உடையும் மாற்றிக்கொண்ட கூட்டத்தார்க்கும் அக்குடிசை வாயில் அரிதாயிற்று! இதனை நம்மனோர் மறைத்தல் தகாது.

முனிவரின் தமிழ்நாட்டு வாழ்வு முழுவதும் ஏறத்தாழ இவ்வழக்குக் காலத்திலேயே கழிந்தது. ஏலாக்குறிச்சியிலும் கோணான்குப்பத்திலும் ஆலயம் எடுத்தார். உபதேசியார் நாடோறும் ஒழுகுமாறு உணர்த்த வேதியர் ஒழுக்கம் இயற்றினார். தச்சுத் தொழில் செய்துண்ட சூசையப்பரைத் தலைவராக்கி 3615 விருத்தங்களில் தேம்பாவணி பாடினார். 1732-இல் சதுரகராதி வகுத்தார்.

அவர் செய்த மற்றொரு மாற்றம் எம்போன்ற பண்டிதர்க்கு நேரே உரியது. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடுதல் பண்டை வழக்கு. புள்ளி குத்தின் ஓலை பழுதுறுமென்று எழுதுவோர் அதனை விட்டமையால், குறிலும் நெடிலும் மயங்கின. முனிவர் புள்ளியை ஒழித்து, நெடிலுக்கு வேற்றுவடிவம் தந்து, கொம்பையும் மேற்சுழித்து இரட்டைச் சுழிக்கொம்பு ஆக்கினார். 1747-இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அவர் உயிர் நீத்தார். இக்கட்டுரையில் வரும் ஏகார ஓகாரங்கள் எல்லாம் அவர் வகுத்த வடிவினவே.