சர்ச்சிலிடம் முடியாது என்று சொன்ன தளபதி

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்த நாள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த நம்மவர்களின் தலையெழுத்தை மாற்றிய அந்த நாளில், லண்டனில் பிரிட்டிஷ் இராணுவத்தின் உச்சப் பதவியில் அமர்ந்திருந்தவர் ஆலன் புரூக். அந்த நாற்காலிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கியதும், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய இரு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தான் கடலில் மூழ்கியதும் அவர் பொறுப்பேற்ற முதல் இரண்டு வாரங்களிலேயே நடந்தவை.

மவுண்ட்பேட்டன், பெர்சிவல், மோண்ட்கோமரி என்ற பெயர்களை அந்தக் காலத்துப் பெரியவர்கள் சரளமாகச் சொல்வார்கள். புரூக்கின் பெயரைச் சொன்னவர்கள் குறைவு. அவர் எந்தப் போர்க்களத்திலும் வெற்றிக்கொடி நாட்டியவராக நம் நினைவில் இல்லை. பிரதமர் சர்ச்சிலின் பக்கத்தில் உட்கார்ந்து ஆலோசனை சொன்னவர் அவர். அந்த ஆலோசனைகளில் பாதி, முடியாது என்பதுதான்.

புரூக் 1883 ஜூலை 23-இல் பிறந்தார். குடும்பம் வட அயர்லாந்தைச் சேர்ந்தது; பல தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடு. ஆனால் அவர் பிறந்ததும் வளர்ந்ததும் பிரான்சின் தெற்கில். வீட்டில் அவர்தான் கடைக்குட்டி. ஆங்கிலத்துக்கு நிகராகப் பிரெஞ்சு பேசினார், ஜெர்மன் மொழியும் தெரியும். படபடவென்று பேசும் பழக்கம் கடைசிவரை போகவில்லை. பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்து அயர்லாந்திலும் இந்தியாவிலும் பணியாற்றினார். இந்தியாவில் இருந்தபோது உருதும் கற்றுக்கொண்டார். முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளைத் திட்டமிட்டுப் பொழிவதில் நிபுணர் என்று பெயர் வாங்கினார்.

1925-இல் வந்தது பெரிய இடி. அவர் ஓட்டிச் சென்ற கார் கவிழ்ந்தது. அவருக்குக் கால் முறிந்தது. மனைவி சில நாட்களில் இறந்துபோனார். இரண்டு சிறு பிள்ளைகள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது தன் கை என்ற நினைப்பு அவரை விடவே இல்லை. அதன் பிறகு அவர் சற்றுக் கூன் விழுந்தவர் போல நடந்தார், அதிகம் சிரிப்பதில்லை என்று பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1929-இல் பெனிட்டா என்பவரை மணந்தபின்தான் மனம் தேறியது. பின்னாளில் இந்த பெனிட்டாவுக்காகத்தான் புரூக் இரவுதோறும் நாட்குறிப்பு எழுதினார். போர்க்காலத்தில் அப்படி எழுதுவது விதிகளுக்குப் புறம்பானது என்று தெரிந்தே எழுதினார்.

1940-இல் ஜெர்மானியர் பிரான்சுக்குள் புகுந்தபோது புரூக் அங்கே ஒரு பெரும் படைப்பிரிவின் தளபதி. மே 28-இல் பெல்ஜியம் சரணடைந்ததும் பக்கவாட்டில் காவலே இல்லாத இடைவெளி விழுந்தது. அதை அடைத்துக் காத்து, டன்கிர்க் கடற்கரையை நோக்கிப் பின்வாங்கிய படைகள் உயிரோடு போய்ச் சேர வழி செய்தவர்களில் அவர் முக்கியமானவர். வீடு திரும்பிச் சில நாட்களே ஆன நிலையில் மறுபடியும் பிரான்சுக்குப் போ என்று உத்தரவு வந்தது. போய்ப் பார்த்தார். பிரெஞ்சுப் படை முடிந்துபோயிருந்தது.

ஜூன் 14 இரவு தொலைபேசியில் சர்ச்சில். பிரெஞ்சுக்காரர்களுக்குத் துணையாக நில்லுங்கள் என்பது பிரதமரின் விருப்பம். செத்த பிணத்துக்குத் துணை நின்று பயனில்லை என்ற தோரணையில் பதில் சொன்னார் புரூக். ஏறக்குறைய அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் பிரதமர் இறங்கி வந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கப்பலேறித் தப்பினார்கள். அதுவரை அந்த இருவருக்கும் நெருங்கிய பழக்கம் கிடையாது. தன்னை எதிர்த்துப் பேசிய ஆளையே ஒன்றரை ஆண்டு கழித்து இராணுவத்தின் தலைமைக்குச் சர்ச்சில் தேர்ந்தெடுத்தார். அது சர்ச்சிலின் பெருமை என்றே சொல்ல வேண்டும்.

1942 மார்ச்சில் முப்படைத் தலைவர்கள் குழுவுக்கும் புரூக் தலைவரானார். இந்தக் குழு வேலை செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய பாடு புரியும். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றின் தலைவர்களும் அநேகமாக நாள்தோறும் காலையில் கூடுவார்கள். எந்த முனைக்கு எத்தனை ஆள், எத்தனை கப்பல், எது முதலில், எது பிறகு என்று முடிவு செய்து, ஒரே குரலில் பிரதமரிடம் சொல்ல வேண்டும். மூவரும் ஒரே கருத்தில் உறுதியாக நின்றால் சர்ச்சில் திட்டுவார், முறைப்பார், மேசையைத் தட்டுவார். ஆனால் அவர்களை மீறிப் போகமாட்டார். ஆகவே மூவரையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதே தலைவரின் முதல் வேலை.

சர்ச்சில் பகலில் சற்றுத் தூங்கிவிட்டு இரவில் வேலை பார்க்கும் மனிதர். அவர் கூட்டும் கூட்டங்கள் நள்ளிரவைத் தாண்டும். காலையில் மறுபடி எழுந்து ஓட வேண்டியவர் புரூக். நோர்வேயில் இறங்குவோம் என்று ஒரு நாள், வேறொரு கரையில் இறங்குவோம் என்று இன்னொரு நாள், பிரதமர் புதுப்புதுத் திட்டங்களோடு வருவார். ஒவ்வொன்றுக்கும் கப்பல் எங்கே, விமானப் பாதுகாப்பு எங்கே, பிடித்த பிறகு என்ன செய்வது என்று கேட்டுக் கேட்டு அணைபோட வேண்டும். இதில் நிறைய மனக்கசப்பு. நாட்குறிப்பில் அதையெல்லாம் கொட்டித் தீர்த்தார். அதே நாட்குறிப்பில், இந்த மனிதர் இல்லாமல் பிரிட்டன் இந்தப் போரைத் தாண்டியிருக்காது என்றும் ஒப்புக்கொண்டார்.

1942 ஆகஸ்டில் கெய்ரோவில் சர்ச்சில் அவருக்கு மத்தியக் கிழக்குப் படைகளின் தலைமையைக் கொடுக்க முன்வந்தார். எந்தப் படைவீரனும் கனவு காணும் பதவி. புரூக் வேண்டாம் என்றார். தன் இடத்துக்கு வருபவர் சர்ச்சிலைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளவே ஆறு மாதம் ஆகும், அதற்குள் என்னென்ன விபரீதம் நடக்குமோ என்பது அவர் கணக்கு. அதே ஆண்டு எல் அலமெயினில் கிடைத்த வெற்றியின் புகழ் மோண்ட்கோமரிக்குப் போனது.

அடுத்த ஆண்டு இன்னும் கசப்பானது. பிரான்சில் தரையிறங்கப்போகும் பெரும்படைக்கு நீங்கள்தான் தலைவர் என்று சர்ச்சிலே வாக்குக் கொடுத்திருந்தார். 1943 ஆகஸ்டில் கனடாவின் கியூபெக் நகரில் மாநாடு. ஆற்றைப் பார்த்த மேடையில் நடந்துகொண்டே, அந்தப் பதவி அமெரிக்கருக்குப் போகிறது என்று தெரிவித்துவிட்டார் பிரதமர். பெரும்பான்மைப் படை அமெரிக்கர்களுடையது என்பதால் அது நியாயமான முடிவுதான். ஆனால் வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தைகூட இல்லை என்பது புரூக்கை வாட்டியது. பிறகு ஐசன்ஹோவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். அமெரிக்காவின் இராணுவத் தலைவர் ஜார்ஜ் மார்ஷலும் அதே பதவிக்கு எதிர்பார்க்கப்பட்டு, அதிபரின் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதால் கிடைக்காமல் போனவர்தான்.

நம் மண்ணோடு தொடர்புள்ள சண்டையும் அதே கியூபெக்கில்தான் நடந்தது. சுமத்ராவின் வட முனையில் படையை இறக்கி, அங்கிருந்து மலாயாவையும் சிங்கப்பூரையும் குறிவைக்க வேண்டும் என்று சர்ச்சில் பிடிவாதம் பிடித்தார். சிங்கப்பூரை இழந்த அவமானம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. புரூக் அதையும் மறுத்தார். கையிலிருக்கும் கப்பல்களும் ஆட்களும் அதற்குப் போதாது, சுமத்ராவின் முனையைப் பிடித்தாலும் மேற்கொண்டு நகர வழியில்லை என்றார். 1944 தொடக்கத்தில் கிழக்கத்திய போரைப் பற்றிய இந்தத் தகராறு முற்றி, முப்படைத் தலைவர்கள் பதவி விலகவும் யோசிக்கும் அளவுக்குப் போனது.

தோட்டத்தில் ஜப்பான்காரன் காலத்தைக் கண்ட குடும்பங்களுக்கு இது நெருடலான செய்தி. இங்கே அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, சயாம் மரண ரயில் பாதைக்கு ஆளனுப்பி அழுதுகொண்டிருந்த நேரத்தில், அங்கே லண்டனில் ஒருவர் இந்தப் பக்கம் இப்போதைக்குப் போக முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் ஜெர்மனி, பிறகு ஜப்பான் என்ற வரிசையை அவர் மாற்றவே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரயில் பாதை 1943 அக்டோபரிலேயே கட்டி முடிக்கப்பட்டது. சர்ச்சிலின் திட்டம் ஏற்கப்பட்டிருந்தாலும் காட்டில் மாண்ட நம் ஆட்களை அது காப்பாற்றியிருக்காது. அரைகுறைப் படையோடு வந்து இன்னொரு தோல்வியைச் சந்தித்திருந்தால் அடி யார் மேல் விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அணுகுண்டுகள் விழுந்து ஜப்பான் பணிந்த பிறகு, 1945 செப்டம்பர் 9-இல் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மோரிப், போர்ட்டிக்சன் கரைகளில் எதிர்ப்பே இல்லாமல் இறங்கின.

குறை இல்லாதவர் அல்லர் புரூக். மார்ஷலின் திறமையைக் குறைத்து எடைபோட்டார். ஐசன்ஹோவரைப் பற்றி நாட்குறிப்பில் எழுதியதில் பல இடங்கள் கடுப்பில் எழுதியவை. பொறுமை குறைவு, மெதுவாகப் பேசுபவர்களைக் கண்டால் எரிச்சல். அவருக்கு அமைதி தந்தவை பறவைகள். உலகத் தலைவர்கள் கூடிய மாநாடுகளுக்கு நடுவிலும் பைனாகுலரை எடுத்துக்கொண்டு பறவை பார்க்கப் போய்விடுவார்.

1946-இல் ஓய்வு. பீல்டு மார்ஷல், பிரபு என்று பட்டங்கள் இருந்தன. கையில் காசு இல்லை. வீட்டை விட்டுவிட்டுத் தோட்டக்காரருக்கென்று கட்டிய சிறு வீட்டுக்குக் குடிபோனார்கள். ஆசையாகச் சேர்த்த அரிய பறவை நூல்களையும் விற்றார். சர்ச்சில் எழுதிய போர் வரலாற்றில் முப்படைத் தலைவர்களின் உழைப்புக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற மனக்குறையும் சேர்ந்துகொண்டது. 1957-இல் ஆர்தர் பிரையன்ட் தொகுத்து அவருடைய நாட்குறிப்பின் முதல் பகுதி வெளியானது. படித்த சர்ச்சிலுக்கு வேதனை. முழு நாட்குறிப்பு 2001-இல்தான் அச்சேறியது.

1963 ஜூன் 17-இல் புரூக் காலமானார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1993-இல், லண்டனில் தற்காப்பு அமைச்சின் முன்புறம் அவருக்குச் சிலை வைத்தார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு தளபதிகளின் சிலைகள் நின்றிருந்தன. ஒருவர் எல் அலமெயினில் வென்ற மோண்ட்கோமரி. இன்னொருவர் பர்மாவை மீட்ட ஸ்லிம்.