பனியில் கப்பலை வேண்டுமென்றே சிக்க வைத்தவர்... யார் இந்த நான்சென்?

1861-ல் நார்வேயில் பிறந்தவர் நான்சென். சைபீரியா பக்கம் பனியில் நொறுங்கிய கப்பலின் மிச்சங்கள் கிரீன்லாந்தில் கரை ஒதுங்கின. அப்படின்னா ஆர்க்டிக் பனியே நகருதா?

சோதிக்க, 1893-ல் தன் 'ஃப்ராம்' கப்பலைப் பனியில் சிக்க வைத்தார். பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலே எழும்பும் கப்பல் அது. கிட்டத்தட்ட 3 வருஷம் பனியோடு நகர்ந்து, 1896-ல் வெளியே வந்தது.

பின்னாளில் அகதிகளுக்காக உழைத்து, 1922-ல் அமைதி நோபல் பெற்றார். 1930-ல் மறைந்தார்.

2006-ல் ஏறக்குறைய அதே பாதையில் போன 'தாரா' கப்பல் சுமார் 16 மாதங்களிலேயே வெளியே வந்துவிட்டது. காரணங்களில் ஒன்று, பனி மெலிந்ததுதான். மெல்லிய பனியைக் காற்று சுலபமா தள்ளிடும்.

1980-களில் செப்டம்பரில் சுமார் 70 லட்சம் சதுர கி.மீ. இருந்த ஆர்க்டிக் கடல் பனி, 2012 செப்டம்பரில் 34 லட்சமாகச் சுருங்கியது.