ஏ.வி.எம். செட்டியார்: உதடு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது

நாட்டரசன்கோட்டை, தேவகோட்டை, காரைக்குடி என்று செட்டிநாட்டு ஊர்களைச் சொன்னாலே பெரிய வீடுகளும், பர்மா, மலேயாவுக்குக் கொண்டுவிக்கப் போன கதைகளும்தான் நினைவுக்கு வரும். 1907-ல் காரைக்குடியில் பிறந்த ஏ.வி.மெய்யப்பன் விற்றதோ குரலை. அப்பா ஆவிச்சி செட்டியாரின் கடையில் கிராமபோன் தட்டு விற்றுப் பழகி, சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். முகம் தெரியாத குரலுக்கு ஜனங்கள் காசு கொடுப்பதைக் கண்ணால் பார்த்தவர்.

அப்புறம் சினிமா. முதல் படங்கள் கையைச் சுட்டன. அந்தக் காலத்தில் நடிக்கிறவரே பாடியாக வேண்டும். குரல் இல்லையென்றால் வேஷம் இல்லை. 1938-ல் 'நந்தகுமார்' எடுத்தபோது, தேவகியாக நடித்தவரின் பாட்டு செட்டியாருக்குத் திருப்தி தரவில்லை. லலிதா வெங்கட்ராமனைப் பாட வைத்து, அந்தக் குரலை நடிகையின் உதட்டசைவோடு சேர்த்தார். தமிழ் சினிமாவில் பின்னணிப் பாட்டு வந்தது இப்படித்தான். ஜனங்கள் சிரித்துவிட்டால் படம் காலி. யாரும் சிரிக்கவில்லை.

ஏன்? தியேட்டரில் ஸ்பீக்கர் எங்கேயோ இருக்கும். குரல் மட்டும் நடிகரின் வாயிலிருந்து வருவதாகவே தோன்றும். அசையும் உதடும் கேட்கும் ஒலியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தால், மூளை இரண்டையும் ஒரே ஆளின் கணக்கில் எழுதிவிடும். இடம் எது என்பதில் கண் சொல்வதையே பெரும்பாலும் நம்பும். ஒலி கொஞ்சம் பிந்தினால்கூடப் பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் வெளியுலகில் வெளிச்சம் முந்தும், சத்தம் பிந்தும். 34 மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம்மிடம் வர 0.1 விநாடி ஆகிறதே! ஒலி முந்தினால்தான் உடனே உறுத்தும்.

செட்டியார் இன்னும் ஒரு படி போனார். 1943-ல் வந்த கன்னட 'ஹரிச்சந்திரா'வை மறு வருஷமே தமிழ் பேச வைத்தார். இந்தியாவின் முதல் டப்பிங் படம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். இங்கே சிக்கல் பெரிசு. ப, ம இரண்டுக்கும் உதடு மூட வேண்டும். திறந்த வாயில் அந்த எழுத்து விழுந்தால் காதே தடுமாறும். 1976-ல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை நிரூபித்தார்கள். 'பா' என்ற ஒலியை, 'கா' சொல்லும் முகத்தோடு சேர்த்துக் காட்டினால், பலருக்கு 'தா' என்று கேட்டது!

பிறகு காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு எடுத்த 'நாம் இருவர்' 1947-ல் வந்தது. ஆடியது குமாரி கமலா, பாடியது டி.கே.பட்டம்மாள். அடுத்த வருஷம் ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்கு நகர்ந்தது. 1979-ல் செட்டியார் காலமானபோது, நடிக்கிறவரே பாட வேண்டும் என்று தமிழ் சினிமாவில் யாரும் எதிர்பார்க்கவில்லை.