கொலை வழக்கில் சிக்கிய சிரிப்பு மன்னன்

விருதுநகர் மாவட்டத்தில், பட்டாசுக்குப் பேர் போன சிவகாசி வட்டாரத்தில் உள்ள ஊர் ஆலங்குளம். அரசு சிமெண்டு ஆலையாலும் பெயர் பெற்றது. சுற்றுப்புறக் கிராமங்களில் பட்டாசும் தீப்பெட்டியும்தான் பலருக்குச் சோறு போடும் தொழில்.

இந்த வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் தீபாவளிக்காகவே வேலை நடக்கிறது. ஊரெல்லாம் வெடிக்கும் நாளில்தான் வெடி செய்தவருக்கு ஓய்வு. அன்றைய பொழுது போக்கு சினிமா. முன்பெல்லாம் கொட்டகைக்குப் போனார்கள். இப்பொழுது டெலிவிஷன் பெட்டி வீட்டுக்குள்ளேயே படம் காட்டுகிறது.

பழைய படம் என்றால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுவார்கள். ஒரு கட்சிக்குச் சிரிப்புப் படம் வேண்டும். "சபாஷ் மீனா"வையும் "காதலிக்க நேரமில்லை"யையும் எத்தனை முறை போட்டாலும் பார்ப்பார்கள். இன்னொரு கட்சிக்கு மர்மப் படம். "அந்த நாள்", "புதிய பறவை", "அதே கண்கள்" என்று அடுக்குவார்கள். எது உயர்ந்தது என்ற வாதம் முடிவதே இல்லை.

சிரிப்பும் கொலை மர்மமும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் வந்து மோதியது உண்டு. அது சினிமாக் கதை அல்ல, நடந்த கதை. ஊரைச் சிரிக்க வைத்த ஒருவர் கொலைச் சதி வழக்கில் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, சிறைக்குள் போனார். திரும்பி வந்து மறுபடியும் ஊரைச் சிரிக்க வைத்தார்.

அவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

சோடா விற்ற சிறுவன்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி கிருஷ்ணன் பிறந்தார். தந்தை பெயர் சுடலைமுத்து. தாயார் இசக்கியம்மாள். ஏழைக் குடும்பம். நாலாம் வகுப்போடு படிப்பு நின்று விட்டது.

வயிற்றுப் பாட்டுக்காகச் சிறு வயதிலேயே வேலைக்குப் போனார். டென்னிஸ் ஆடும் இடத்தில் பந்து பொறுக்கிப் போட்டார். நாடகக் கொட்டகையில் சோடா விற்றார். கையில் சோடாப் புட்டி இருந்தாலும் கண் மேடையிலேயே இருந்தது. வில்லுப்பாட்டு நடக்கும் இடங்களிலும் அவரைப் பார்க்கலாம்.

1925-ம் ஆண்டில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனிதான் அவருக்குப் பள்ளிக்கூடம். பாட்டு, ஆட்டம், வசனம், வேஷம் எல்லாவற்றையும் அங்கே கற்றார். யாராவது ஒரு நடிகர் வராமல் போனால், அந்த வேஷத்தைக் கிருஷ்ணன் போட்டு விடுவார். நாடகம் நிற்காது.

முதல் படமே மர்மம்

பேசும் படம் வந்தது. டி.கே.எஸ். குழுவினர் நடித்த "மேனகா" 1935-ல் வெளிவந்தது. ராஜா சாண்டோ டைரக்ட் செய்தார். துப்பறியும் நாவல்களால் தமிழ்நாட்டையே இரவு முழுவதும் விழித்திருக்கச் செய்த வடுவூர் துரைசாமி அய்யங்கார் எழுதிய கதை அது. பின்னாளில் சிரிப்பு மன்னன் ஆனவர் திரைக்கு வந்தது மர்ம நாவலாசிரியர் ஒருவரின் கதை மூலம் என்பது வேடிக்கைதான்.

அடுத்த ஆண்டில் வந்த "சதி லீலாவதி"யிலும் கிருஷ்ணன் நடித்தார். குடி மயக்கத்தில் நண்பனைக் கொன்று விட்டதாக எண்ணி, கதாநாயகன் இலங்கைக்கு ஓடிப் போகும் கதை. செய்யாத கொலைக்காக ஒருவன் படும் பாட்டைச் சொன்ன படம். தம் வாழ்க்கையிலும் அப்படி ஒரு கட்டம் வரும் என்று அன்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

1936-ம் ஆண்டில் "வசந்தசேனா" படத்துக்காகப் புனா சென்றபோது டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். கிருஷ்ணனுக்கு முன்பே திருமணம் ஆகியிருந்தது. முதல் மனைவி நாகம்மாள். மதுரமும் அவருக்கு மனைவியானார். திரையிலும் இருவரும் இணை பிரியாத ஜோடி ஆனார்கள். கணவன் அசட்டுத்தனம் செய்வான். மனைவி அவன் காதைப் பிடித்துத் திருகுவாள். மதுரம் கெட்டிக்காரி, கிருஷ்ணன் அசடு. இதுதான் அவர்கள் சிரிப்பின் அடிப்படை.

துண்டுச் சிரிப்பு

இன்று டெலிவிஷனில் பழைய படங்களின் சிரிப்புக் காட்சிகளை மட்டும் தனியே எடுத்துக் காட்டுகிறார்கள். கதை என்ன என்று தெரியாமலே ஜனங்கள் ரசிக்கிறார்கள். அதற்கு வழி போட்டவர்களில் கிருஷ்ணன் முக்கியமானவர்.

அவருடைய சிரிப்புப் பகுதிக்குத் தனிக் கதை உண்டு. அதை அவரே யோசித்து, தம் குழுவினரோடு உருவாக்குவார். படத்தின் பெரிய கதை ராஜா ராணி காலத்தில் நடக்கும். சிரிப்புப் பகுதியோ அன்றைய தெருவில் நடப்பது போல் இருக்கும். பெரிய கதை சோடை போனாலும் இவர் பகுதி படத்தைக் காப்பாற்றி விடும். சிரிப்பை மட்டுமே கொண்ட சின்னப் படங்களையும் அவர் எடுத்தார்.

அவர் சிரிப்பில் யாருக்கும் காயம் படாது. ஊனமுற்றவரையோ ஏழையையோ பரிகாசம் செய்ய மாட்டார். முட்டாளாக நிற்பது அவரேதான். குடியின் கேடு, தீண்டாமை, மூட நம்பிக்கை, சோம்பல் இவற்றைத் தம் தலையில் ஏற்றிக் கொண்டு அடி வாங்குவார். பார்ப்பவன் சிரித்து விட்டு வீட்டுக்குப் போன பிறகுதான், அடி தனக்கும் விழுந்தது என்று தெரிந்து கொள்வான்.

மூன்று தீபாவளி

1944-ம் ஆண்டு அக்டோபர் 16-ந்தேதி தீபாவளி. அன்று எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த "ஹரிதாஸ்" வெளிவந்தது. அதில் கிருஷ்ணனும் மதுரமும் உண்டு. சென்னை பிராட்வே கொட்டகையில் அந்தப் படம் 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளிகளைக் கண்டது.

பாகவதர் புகழின் உச்சியில் இருந்தார். கிருஷ்ணன் இல்லாத படம் அபூர்வம் என்ற நிலை. இருவருக்கும் ஒரே இடத்திலிருந்து தலைவலி வந்தது. அது ஒரு பத்திரிகை.

லட்சுமிகாந்தன் என்பவர் "சினிமா தூது" என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று சொல்லி, கண்டதையும் எழுதினார். பத்திரிகை அமோகமாக விற்றது. பாகவதர், கிருஷ்ணன், பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னரிடம் மனுக் கொடுத்தார்கள். பத்திரிகை நிறுத்தப்பட்டது. லட்சுமிகாந்தன் சும்மா இருக்கவில்லை. "இந்து நேசன்" என்ற பத்திரிகையில் பழையபடி எழுத ஆரம்பித்தார்.

தீபாவளி முடிந்து சுமார் மூன்று வாரம். 1944 நவம்பர் 8-ந்தேதி லட்சுமிகாந்தன் சென்னையில் ரிக்‌ஷாவில் போய்க் கொண்டிருந்தார். வழியில் அவர் கத்தியால் குத்தப்பட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறு நாள் இறந்து போனார்.

டிசம்பர் மாதம் தமிழ்நாடே திடுக்கிட்டது. பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். கொலைக்குச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார்.

ஆயுள் தண்டனை

சென்னை ஐகோர்ட்டில் ஜூரிகள் முன்னிலையில் வழக்கு நடந்தது. கோர்ட்டு வாசலில் கூட்டம் அலை மோதியது. கொட்டகையில் காசு கொடுத்து யாரைப் பார்த்தார்களோ, அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் பார்க்க ஜனங்கள் முண்டியடித்தார்கள்.

1945 மே 3-ந்தேதி தீர்ப்பு வந்தது. நாயுடு விடுதலை ஆனார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. அந்த ஆண்டு அக்டோபரில் அப்பீலும் தள்ளுபடி ஆகி விட்டது.

வெளியே "ஹரிதாஸ்" ஓடிக் கொண்டே இருந்தது. திரையில் கிருஷ்ணன் தோன்றியதும் கொட்டகை சிரித்தது. சிரிக்க வைத்தவரோ கைதி உடையில் கம்பிக்குப் பின்னால் இருந்தார். அடுத்த தீபாவளியும் வந்தது. அதற்கடுத்த தீபாவளியும் வந்தது. படம் வெளியே, நடிகர் உள்ளே. இதைப் போல ஒரு திருப்பத்தை எந்த மர்மக் கதாசிரியரும் எழுதத் துணிய மாட்டார்.

மதுரத்தின் உறுதி

இந்தக் கட்டத்தில் குடும்பத்தைத் தாங்கி நின்றவர் மதுரம்.

வழக்கு பணத்தை விழுங்கியது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போக வேண்டும். அதற்கு எவ்வளவு செலவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கணவர் சிறையில் இருக்கும்போது மதுரம் மூலையில் உட்கார்ந்து விடவில்லை. என்.எஸ்.கே. நாடக சபை தொடர்ந்து நடந்தது. எஸ்.வி.சகஸ்ரநாமம் தோள் கொடுத்தார். விதவை மறுமணத்தை ஆதரிக்கும் "பைத்தியக்காரன்" என்ற நாடகம் நல்ல பெயர் வாங்கியது. அதைப் படமாகவும் எடுக்கத் தொடங்கினார்கள்.

லண்டனில் பிரபல வக்கீல் பிரிட் வாதாடினார். அப்பீலை ஐகோர்ட்டு மறுபடியும் விசாரிக்க வேண்டும் என்று பிரிவி கவுன்சில் உத்தரவிட்டது. சென்னையில் வி.எல்.எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரல் மாதம் பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் அல்ல என்று ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறி விடுதலை செய்தது.

கைதான நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டரை ஆண்டு கழிந்திருந்தது. லட்சுமிகாந்தனைக் கொல்லத் தூண்டியது யார் என்ற கேள்விக்கு மட்டும் இன்று வரை ஜனங்கள் விடை தேடிக் கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு பாதைகள்

சிறையிலிருந்து ஒன்றாக வெளியே வந்த இரு நண்பர்களின் பாதைகள் பிரிந்தன.

பாகவதரின் பழைய நிலை திரும்பவில்லை. அவர் நடித்து வெளிவந்த புதிய படங்கள் முன்போல் ஓடவில்லை. 1959-ல் அவர் காலமானார்.

கிருஷ்ணனை ஜனங்கள் முன்னிலும் அதிகமாகக் கொண்டாடினார்கள். "பைத்தியக்காரன்" படத்தில் அவருக்காகக் காட்சிகள் சேர்க்கப்பட்டன. 1947-லேயே படம் வெளிவந்தது. நாடக உலகின் பெரியவரான பம்மல் சம்பந்த முதலியார் அதே ஆண்டில் அவருக்குக் "கலைவாணர்" என்ற பட்டத்தை அளித்தார். ஊர் பேர் சொல்லாமல் கலைவாணர் என்றாலே போதும் என்று ஆயிற்று.

பாகவதரை ஜனங்கள் தேவலோகத்து மனிதராகப் பார்த்தார்கள். தங்கச் சிலை போன்ற தோற்றம், பட்டு, ஜவ்வாது. தேவன் ஜெயிலுக்குப் போனதை அவர்களால் தாங்க முடியவில்லை. கிருஷ்ணனோ எப்போதும் அடி வாங்கும் அப்பாவியாகவே அவர்கள் முன்னால் நின்றவர். நம்மைப் போல் ஒருவன் மாட்டிக் கொண்டான், தப்பி வந்து விட்டான் என்று மகிழ்ந்து ஏற்றுக் கொண்டார்கள்.

பழி தீர்க்காத சிரிப்பு

இரண்டரை ஆண்டைப் பறி கொடுத்தவருக்குக் கசப்பு வருவது இயல்பு. கேலி என்னும் ஆயுதம் கையில் இருந்தும், அதைத் தம் பகைவர்கள் மீது அவர் வீசவில்லை. ஊருக்கு எது உதவுமோ அதற்கே பயன்படுத்தினார்.

1949-ல் "நல்லதம்பி" வந்தது. அண்ணாதுரை எழுதிய முதல் திரைப்படம். அமெரிக்கப் படம் ஒன்றைத் தழுவியது. மதுவிலக்கை வற்புறுத்தியது. அதில் கிருஷ்ணன் நடத்திக் காட்டிய கிந்தனார் காலட்சேபம் இன்றும் பேசப்படுகிறது. நந்தனார் சிதம்பரத்துக்குப் போக ஏங்கினார். கிந்தனோ பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்குகிறான். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பையன் படித்து முன்னேறுகிறான். பக்திக் கதையின் மெட்டிலேயே கல்வியின் பெருமையைச் சொல்லி விட்டார். அவருடைய பாட்டுகளுக்கு உடுமலை நாராயண கவி துணை நின்றார்.

மகாத்மா காந்தியின் கதையை வில்லுப்பாட்டாக ஊர் ஊராகச் சொன்னார். அதற்குப் பாட்டு எழுத நெல்லைச் சீமையிலிருந்து சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரை அழைத்து வந்தார். பிற்காலத்தில் வில்லுப்பாட்டு என்றாலே சுப்பு ஆறுமுகம் என்று ஆனதற்கு இதுவே விதை. நாகர்கோவிலில் காந்திக்கு நினைவுத் தூண் ஒன்றைத் தம் சொந்தப் பணத்தில் எழுப்பினார்.

"மணமகள்", "பணம்" ஆகிய படங்களை டைரக்ட் செய்தார். 1956-ல் வந்த "ராஜா ராணி"யில் விதவிதமான சிரிப்புகளைச் சிரித்துக் காட்டிப் பாடினார். ஆணவச் சிரிப்பு, அசட்டுச் சிரிப்பு, சங்கீதச் சிரிப்பு என்று ஒவ்வொன்றாக அவர் சிரிக்க, கொட்டகையும் கூடவே சிரித்தது.

1957 தேர்தலில் காஞ்சீபுரத்தில் அண்ணாதுரை நின்றார். எதிர்த்து நின்றவர் ஊருக்கு வேண்டிய டாக்டர். பிரசாரத்துக்கு வந்த கிருஷ்ணன் டாக்டரை ஒரு வார்த்தை கூடக் குறை சொல்லவில்லை. டாக்டரின் கைராசியைப் புகழ்ந்து தள்ளினார். கூட்டம் விழித்தது. இத்தனை நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பி விட்டால் ஊரில் நோயாளிகள் கதி என்ன என்று கடைசியில் ஒரு கேள்வி போட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணாதுரை வெற்றி பெற்றார். எதிராளியின் மானத்தைத் தொடாமலே அவனைத் தோற்கடிக்கலாம் என்பதற்கு இந்தப் பேச்சை இன்றும் உதாரணம் காட்டுவார்கள்.

கை நிறைய, பை காலி

கிருஷ்ணன் கை நிறையச் சம்பாதித்தார்; இரண்டு கையாலும் கொடுத்தார். உதவி கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்பியதில்லை. கடைசிக் காலத்தில் பணமும் இல்லை, உடல் நலமும் இல்லை. 1957 ஆகஸ்டு 30-ந்தேதி சென்னையில் காலமானார். வயது 48.

1937-ல் பாகவதரோடு "அம்பிகாபதி"யில் நடித்தவர் அவர். இருபது ஆண்டுக்குப் பிறகு சிவாஜி கணேசன் நடித்த "அம்பிகாபதி"யிலும் நடித்தார். அந்தப் படம் கொட்டகைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

சென்னை தியாகராய நகரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1969 பொங்கலன்று முதல் அமைச்சர் அண்ணாதுரை அதைத் திறந்து வைத்தார். நோயோடு போராடிக் கொண்டிருந்த அண்ணாதுரை கலந்து கொண்ட கடைசிப் பொது விழா அதுவே. வாலாஜா சாலையில் உள்ள கலைவாணர் அரங்கமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மதுரம் 1974 வரை வாழ்ந்தார்.

லட்சுமிகாந்தனின் பத்திரிகைகளை அன்று ஆயிரக்கணக்கானவர் போட்டி போட்டுக் கொண்டு வாங்கிப் படித்தார்கள். பிறர் தலைகுனிவதைக் கண்டு ரகசியமாகச் சிரித்தார்கள். இன்று அந்தத் தாள்களைத் தேடிப் படிப்பவர் யாரும் இல்லை. கலைவாணரின் துண்டுச் சிரிப்போ இன்னும் டெலிவிஷனில் ஓடுகிறது. அது வரும்போது, மர்மப் படம்தான் உயர்ந்தது என்று வாதாடிய கட்சிக்காரரும் வாதத்தை மறந்து சிரித்து விடுகிறார்.