கழுத்துக் கழலையும் கோக்கரும்

நாளமில்லாச் சுரப்பிகள் பற்றிய பாடம் தொடங்கிய அன்று எங்கள் விலங்கியல் பேராசிரியர் கரும்பலகையில் மூன்று கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தார். மேலே ஹைப்போதலாமஸ், நடுவே பிட்யூட்டரி, அடியில் தைராய்டு. மேலிருந்து கீழே இரண்டு அம்புக்குறிகள். பிறகு அடியிலிருந்து மேல்நோக்கி வளைந்து செல்லும் மற்றோர் அம்புக்குறி. அதன் அருகில் ஒரு கழித்தல் அடையாளம். தேர்வில் ஐந்து மதிப்பெண் கிடைக்கும் என்ற அளவில் நானும் அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அடிக்கட்டத்தில் உள்ள அந்தத் தைராய்டு உடலில் எதற்காக இருக்கிறது என்பதே 1880 வரை மருத்துவ உலகுக்குத் தெளிவாகத் தெரியாது என்பதையும், அதைத் தெரியவைத்தவர்களுள் ஒருவர் தாம் செய்த தவற்றைத் தாமே எண்ணிக் காட்டித் தெரியவைத்தார் என்பதையும் பின்னர் நூலகத்தில்தான் படித்தேன். அவரைப் பற்றி நம் மலரில் எழுத வேண்டும் என்று தோன்றியது. அதற்கு என் வீட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எமில் தியோடர் கோக்கர் 1841 ஆகஸ்டு 25-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்தார். ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் கோச்சர் என்று படிக்கத் தோன்றும்; அவர் ஊரார் அப்படிச் சொல்வதில்லை. தந்தையார் பொறியாளர். தாயாரின் சமயப் பற்று மகனிடமும் இறுதிவரை இருந்தது. 1865-ல் பெர்னிலேயே மருத்துவப் பட்டம் பெற்றபின், பெர்லின், இலண்டன், பாரிஸ், வியன்னா முதலிய நகரங்களுக்குச் சென்று அக்காலத்துப் பெரும் அறுவை மருத்துவர்களின் கைவண்ணத்தை அருகிருந்து பார்த்தார். 1872-ல், முப்பது வயதளவில், பெர்ன் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். அந்தப் பதவியில் 45 ஆண்டுகள், சாகும் வரையில், இருந்தார்.

ஆல்ப்ஸ் மலைநாட்டில் அன்று எங்கு பார்த்தாலும் முன்கழுத்துக் கழலை. மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு என்பது காரணம். சிலருக்கு எலுமிச்சை அளவு. சிலருக்கு மூச்சுக்குழலையே நெரிக்கும் அளவு. மூச்சு முட்டி வருகிறவரைக் காப்பாற்றக் கழலையை அறுத்தெடுக்க வேண்டும். ஆனால் தைராய்டைப் போல இரத்தம் மிகுதியாக ஓடும் உறுப்புகள் சிலவே. கத்தி பட்டால் வெள்ளமாகப் பெருகும். நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் இறந்தனர். பிரெஞ்சு மருத்துவக் கழகம் 1850-ல் இந்த அறுவையையே கண்டித்து விலக்கியது. பில்ரோத் போன்ற வல்லவரே சில ஆண்டுகள் இதைக் கைவிட்டிருந்தார்.

கோக்கர் அவசரப்படாதவர். ஒவ்வோர் இரத்தக் குழாயையும் தேடிப் பிடித்து, இடுக்கியால் கவ்வி, முடிச்சிட்டு, அதன் பிறகே அடுத்த அடி வைப்பார். அதற்கென அவர் அமைத்த பல்லுள்ள இடுக்கி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. லிஸ்டர் காட்டிய கிருமித் தடுப்பு முறையையும் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார். அவருடைய முதல் நூறு கழலை அறுவைகளில் இறந்தவர் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவில் இருந்தனர். ஆயிரக்கணக்கில் அறுவை செய்து முடித்த பிற்காலத்தில் அது நூற்றுக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியது. உயிரோடு வீடு திரும்புவதே அன்று வெற்றி. அந்தக் கணக்கில் கோக்கரை மிஞ்ச ஆளில்லை.

1874-ல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் தைராய்டை அவர் முழுமையாக அகற்றினார். காயம் நன்றாக ஆறியது. சிறுமி ஊருக்குத் திரும்பினாள். சில காலம் கழித்து, அவளை அனுப்பி வைத்த ஊர் மருத்துவர், அவள் பழைய பெண்ணாக இல்லை, மந்தமாகிவிட்டாள் என்று தெரிவித்தார். அச்செய்தி உடனே பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. 1882-ல் ஜெனீவா நகரத்து அறுவை மருத்துவர் ழாக் லூயி ரெவெர்டின், முழுச் சுரப்பியையும் எடுத்த தம் நோயாளிகளிடமும் இத்தகைய மாற்றங்களைக் கண்டதாகக் கோக்கரிடம் நேரில் சொன்னார். முதலில் கண்டது யார் என்ற பூசல் பின்னாளில் எழுந்தது. நான் படித்த அளவில் முதல் சொல் ரெவெர்டினுடையதே. கோக்கர் அதை இன்னும் தாராளமாக ஒப்புக்கொண்டிருக்கலாம்.

ஆனால் அதன்பின் கோக்கர் செய்த காரியம் எளிதானதன்று. தாம் குணமாக்கி அனுப்பியவர்களைத் திரும்ப வரவழைத்தார். முழுச் சுரப்பியையும் இழந்தவர்களில் பதினெட்டுப் பேரைப் பார்க்க முடிந்தது. அவர்களில் பதினாறு பேர் சீர்குலைந்திருந்தனர். முகம் ஊதியிருந்தது, தோல் வறண்டிருந்தது, எப்போதும் குளிர் என்றனர், பேச்சு இழுத்தது, சொன்னதைப் புரிந்துகொள்ள நேரமாயிற்று, கைகால்கள் கனத்தன. மீதி இருவருக்குக் கழலை மீண்டும் தலைகாட்டியிருந்தது. அவர்கள் மட்டும் நலமாக இருந்தார்கள். அந்தச் சிறுமியும் வந்தாள். அறுவைக்கு முன் அவளுக்கும் தங்கைக்கும் வேறுபாடு தெரியாமல் ஊரார் மயங்குவதுண்டாம். இப்போது தங்கை வளர்ந்து குமரியாகியிருந்தாள். அக்காள் குட்டையாகவே நின்றுவிட்டிருந்தாள்.

இந்தப் பட்டியலைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் அம்மாவின் முகம் கண்ணெதிரே வந்தது. நான் மேல்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில் அம்மா பகலிலும் சுருண்டு படுத்தார், சித்திரை மாதத்திலும் போர்வை கேட்டார், குரல் கரகரத்தது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் மெல்லத்தான் எழுந்து போவார். வீட்டில் எல்லோரும் சோம்பல் என்றோம். அப்பா ஏசினார், பாட்டி ஏசினார், நானும் ஏசினேன். ஓராண்டுக்கு மேல் கழித்து இரத்தச் சோதனை செய்தபோதுதான் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. அம்மா அதற்காக எங்களை ஒரு சொல் கேட்கவில்லை.

1883 ஏப்ரலில் பெர்லினில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் சங்கக் கூட்டத்தில் கோக்கர் இந்தக் கணக்கைப் படித்தார். தம் புகழுக்குக் காரணமான அறுவை இத்தனை பேரைக் கெடுத்தது என்பதை எண்ணிக்கையோடு சொன்னார். தீங்கற்ற கழலைக்காகத் தைராய்டை முழுமையாக எடுப்பதை விட்டுவிட்டார். அதே ஆண்டில், சுரப்பியை இழந்த நோயாளி ஒருவருக்குத் தைராய்டுத் திசுவை ஒட்டுவைத்தும் பார்த்தார். ஆயினும் காரணத்தை அவரும் உடனே அறிந்தாரில்லை. மூச்சுக்குழல் சுருங்கியதால் வந்த கேடாகலாம் என்று தொடக்கத்தில் எண்ணினார். அதே 1883-ல் இலண்டனில் பீலிக்ஸ் சீமன், தைராய்டு இல்லாமையே இவற்றுக்கெல்லாம் காரணம் என்றபோது பலர் ஏற்கவில்லை. 1888-ல் இலண்டன் குழு ஒன்றின் அறிக்கை அவர் சொன்னதே சரி என்றது.

இதில் ஒரு விந்தை உண்டு. பில்ரோத்தின் நோயாளிகளுக்கு இந்த மந்தம் குறைவு. மாறாகக் கைகால் விறைத்து இழுக்கும் வலிப்பு அதிகம். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் இருவரும் அறுவை செய்வதைப் பார்த்தவர். பின்னர் காரணம் கூறினார். பில்ரோத் விரைவாக அறுப்பவர். தைராய்டில் சில துண்டுகள் தங்கிவிடும்; ஆனால் அதன் பின்புறம் ஒட்டியுள்ள நெல்மணி போன்ற பாராதைராய்டு சுரப்பிகள் போய்விடும். இரத்தத்தில் கால்சியத்தைக் காப்பவை அவை. கோக்கரோ மெதுவாக, துப்புரவாக எடுப்பவர். பாராதைராய்டுகள் தப்பின, தைராய்டில் ஒரு துணுக்குக்கூட மிஞ்சவில்லை. அவருடைய நேர்த்தியே அவர் நோயாளிகளுக்கு வினையாயிற்று.

சிறிது மிச்சம் விட்டால் மட்டும் உடல் எப்படித் தேறுகிறது? இங்கேதான் கரும்பலகைப் படம் எனக்கு விளங்கியது. அயோடினைக் கொண்டு தைராய்டு தைராக்சினை ஆக்குகிறது. உடல் எரிபொருளைச் செலவிடும் வேகம், வெப்பம், வளர்ச்சி, மூளையின் சுறுசுறுப்பு எல்லாம் அதைப் பொறுத்தவை. இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அதிகமாக விடுகிறது. தைராக்சின் கூடினால், அதுவே பிட்யூட்டரியையும் அதற்கு மேலுள்ள ஹைப்போதலாமசையும் அடக்குகிறது. அந்தக் கழித்தல் அடையாளத்தின் பொருள் இதுதான். ஹைப்போதலாமஸ் அனுப்பும் தூண்டுபொருளின் அமைப்பை 1969-ல் கண்டறிந்த கில்லெமின், ஷாலி இருவரும் 1977-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். எனவே, பாதிச் சுரப்பியை எடுத்தால் தைராக்சின் குறையும், தூண்டுதல் கூடும், மிச்சப் பாதி கூடுதலாக உழைக்கும். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் பிட்யூட்டரி எவ்வளவு தூண்டினாலும் கேட்க ஆளில்லை.

ஆல்ப்ஸ் மலைக் கழலையும் இதே கதைதான். அயோடின் இல்லாததால் தைராக்சின் குறைகிறது. பிட்யூட்டரி ஓயாமல் தூண்டுகிறது. மூலப்பொருள் இல்லாத சுரப்பி வேறு வழியின்றி அளவில் பெருக்கிறது. கோக்கரின் கத்திக்கு வந்த கழலைகளில் பலவும் குறையை ஈடுகட்ட உடல் எடுத்த முயற்சிகள். இது அன்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பிறகு வழிகள் விரைவாகத் திறந்தன. 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியாகச் செலுத்தி ஒரு பெண்மணியைத் தேற்றினார். அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1895-ல் பௌமான் சுரப்பியில் அயோடின் இருப்பதைக் கண்டார். 1914-ல் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். 1922-ல் சுவிட்சர்லாந்தில் உப்போடு அயோடின் சேர்த்து விற்கத் தொடங்கினர். நாளடைவில் கழலையே அந்நாட்டில் அரிதாயிற்று. என் அம்மா காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் சிறு மாத்திரை அந்தத் தைராக்சின்தான். அதில் பாதியளவு மறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகுமாதலால் நாளைக்கு ஒன்று போதும். இப்போது பால் பொங்குமுன்பே அடுப்பருகில் நிற்கிறார்.

1909-ல் கோக்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அறுவை மருத்துவர் ஒருவர் அப்பரிசு பெற்றது அதுவே முதல் முறை. அந்தப் பணத்தைக் கொண்டு பெர்னில் ஆராய்ச்சி நிலையம் அமைய வழி செய்தார். 1917 ஜூலை 23-ஆம் நாள் மாலை, 75 வயதில், அவசர அறுவை ஒன்றுக்காக மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. சென்று முடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். உடல் நலமில்லை என்று படுத்தவர், படுக்கையிலும் ஆராய்ச்சிக் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நினைவிழந்து, 27-ஆம் நாள் காலமானார்.