தபால் உத்தியோகமும் நாடக மேடையும்: தீனபந்து மித்ராவின் வாழ்க்கை

1860-ஆம் ஆண்டு டாக்கா நகரில் வங்காள மொழி நாடகம் ஒன்று அச்சாகி வெளிவந்தது. அதில் ஆசிரியர் பெயர் இல்லை. அவுரித் துரைமாரிடம் சிக்கித் தவிக்கும் குடிமக்களின் நலம் நாடும் வழிப்போக்கன் ஒருவன் இயற்றியது என்ற பொருள்படும் சம்ஸ்கிருத வாசகம் மட்டுமே முகப்பில் இருந்தது. நூலின் பெயர் 'நீல் தர்பண்'. அதாவது, அவுரிச் சாகுபடியின் கொடுமையைக் காட்டும் கண்ணாடி.

அந்த வழிப்போக்கன் ஓர் அரசு ஊழியர். ஊர் ஊராகச் சென்று தபால் நிலையங்களைத் தணிக்கை செய்வது அவரது அலுவல். பெயர் தீனபந்து மித்ரா. உத்தியோகத்தைக் கடைசிவரை விடாமலும், எழுத்தைக் கடைசிவரை கைவிடாமலும் வாழ்ந்த அவர், இந்திய அரசியல் நாடக வரலாற்றில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுபவர்.

கிராமத்திலிருந்து ஓடிவந்த சிறுவன்: அன்றைய நதியா மாவட்டத்தின் சௌபேரியா கிராமத்தில் 1830-ல் பிறந்தவர் தீனபந்து. பெற்றோர் இட்ட பெயர் கந்தர்வ நாராயணன். கிராமப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஜமீன் கச்சேரியில் கணக்கு வேலையில் சேர்த்துவிட்டார் தந்தை. அதில் மனம் ஒட்டாத சிறுவன் கல்கத்தாவுக்கு ஓடிவந்தான். உறவினர் வீட்டில் வேலை செய்துகொண்டே படித்தான். தன் பெயரையும் தானே மாற்றிக்கொண்டான். ஏழைகளின் உறவினன் என்று பொருள்படும் தீனபந்து என்பது அவனே தேர்ந்துகொண்ட பெயர்.

ஜேம்ஸ் லாங் என்ற அயர்லாந்துப் பாதிரியார் நடத்திய பள்ளியில் ஆங்கிலம் பயின்றார். பின்னர் இந்துக் கல்லூரியில் சேர்ந்தார். மாணவப் பருவத்திலேயே ஈஸ்வர சந்திர குப்தாவின் 'சம்வாத் பிரபாகர்' இதழில் கவிதை எழுதினார். அதே இதழில் எழுதிப் பழகிய மற்றோர் இளைஞர் பங்கிம் சந்திர சட்டர்ஜி. இருவரிடையே மலர்ந்த நட்பு கடைசிவரை நீடித்தது.

1855-ல் பாட்னாவில் போஸ்ட் மாஸ்டராகத் தீனபந்து பணியில் சேர்ந்தார். விரைவிலேயே மேற்பார்வைப் பதவிக்கு உயர்ந்து ஒரிசா, நதியா, டாக்கா எனப் பல பகுதிகளில் பணியாற்றினார். படகிலும் பல்லக்கிலும் ஆண்டு முழுவதும் பயணம். வேறொருவருக்கு அது எழுத நேரம் தராத வேலையாக இருந்திருக்கும். அவருக்கோ அதுவே எழுத்தின் மூலதனமாயிற்று. உழவர், படகோட்டி, குமாஸ்தா, துரையின் கையாள் என ஒவ்வொருவர் பேச்சையும் அவர் அறிந்தது இந்தப் பயணங்களில்தான்.

அவுரியும் முன்பணமும்: வங்கத்தின் நதியா, ஜெசூர் மாவட்டங்களில் அன்று ஆட்சி செலுத்தியவர்கள் உண்மையில் அவுரித் துரைமார்களே. சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்து, நிலத்தின் நல்ல பகுதியில் நெல்லுக்குப் பதிலாக அவுரி பயிரிடுமாறு ஒப்பந்தம் எழுதி வாங்குவார்கள். விளைச்சலுக்குக் கிடைக்கும் விலை செலவுக்கே கட்டாது. முன்பணம் கடனாக நிற்கும். தந்தையின் கடன் மகன் தலையில் விழும். மறுத்தவர்களுக்குப் பிரம்படியும் ஆலைக் கிடங்கில் சிறைவாசமும் காத்திருந்தன.

1859-ல் குடியானவர்கள் அவுரி விதைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டு அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது. உழவர் தரப்பைக் கல்கத்தாவில் ஓயாது எழுதியவர் 'இந்து பேட்ரியட்' ஆசிரியர் ஹரிஷ் சந்திர முகர்ஜி. அவரும் ராணுவத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தபடியே பத்திரிகை நடத்தியவர்தான். அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசின் மனசாட்சியை உலுக்குவது அக்கால வங்கத்துப் படித்த வர்க்கத்தின் இக்கட்டு. அதுவே அதன் பெருமையும் ஆயிற்று.

'நீல் தர்பண்' சொல்வது ஒரு குடும்பத்தின் அழிவை. ஸ்வர்பூர் கிராமத்தின் கோலோக் சந்திர பாசு பொய் வழக்கில் சிறைப்பட்டு அங்கேயே தூக்கிட்டுக்கொள்கிறார். உழவர்களுக்காகப் பேசும் அவரது மூத்த மகன் நவீன் மாதவ் துரையின் தாக்குதலால் உயிரிழக்கிறார். கர்ப்பிணியான உழவர் மகள் க்ஷேத்ரமணியை ஒரு துரை பலவந்தப்படுத்த முயல்கிறான். தோராப் என்ற முஸ்லிம் உழவன் அவனை அடித்து வீழ்த்தி அவளை மீட்கிறான். ஆயினும் அவளும் பிழைப்பதில்லை. நாடகத்தைக் கையெழுத்துப் பிரதியாக வைத்திருந்த நாள்களில், மேக்னா ஆற்றைக் கடந்த படகு மூழ்கும் நிலைக்கு வந்தும் அந்தக் காகிதங்களைத் தீனபந்து காப்பாற்றினார் என்று பங்கிம் பதிவு செய்திருக்கிறார்.

அரசு முத்திரையுடன் சென்ற நூல்: இதன் பின் நடந்தது நாடகத்தை விஞ்சியது. வங்க அரசின் செயலரும் அவுரிக் கமிஷனின் தலைவருமான சீட்டன்-கார், இந்தியர் மனநிலையை ஆங்கிலேயர் அறியவேண்டும் எனக் கருதி நூலின் மொழிபெயர்ப்புக்கு ஆதரவளித்தார். பொறுப்பேற்றவர் தீனபந்துவின் பழைய ஆசிரியரான லாங் பாதிரியார். 1861-ல் ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகள் அரசு முத்திரையுடன் தபாலில் இந்தியாவுக்குள்ளும் இங்கிலாந்துக்கும் சென்றன. தபால் அதிகாரி பெயர் மறைத்து எழுதிய நாடகத்தை, அவரது துறையே அரசுச் செலவில் சுமந்து சென்றது.

துரைமார் கொதித்தெழுந்தனர். 'இங்கிலீஷ்மேன்' பத்திரிகையின் ஆசிரியரும் அவர்களும் அவதூறு வழக்குத் தொடுத்தனர். 1861 ஜூலையில் நீதிபதி மார்டன்ட் வெல்ஸ் முன்னிலையில் விசாரணை நடந்தது. மொழிபெயர்த்தவர் யார் என்பதை லாங் வெளியிடவில்லை. பழி முழுவதையும் தானே ஏற்றார். ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் தண்டனை. மகாபாரதத்தை வங்காள மொழியில் கொண்டுவந்த காளி பிரசன்ன சிங்கா அபராதத் தொகையை அங்கேயே செலுத்தினார். சீட்டன்-கார் செயலர் பதவியை இழந்தார்.

மொழிபெயர்த்தவர் கவி மைக்கேல் மதுசூதன தத்தர் என்று பங்கிம் எழுதினார். ஆய்வாளர்கள் சிலர் அதை ஐயுறுகின்றனர். 1848 முதல் 1856 வரை சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வாழ்ந்த மதுசூதனர், நாடகம் வெளியான காலத்தில் கல்கத்தா போலீஸ் நீதிமன்றத்தில் ஊழியம் பார்த்துவந்தார். தண்டனை பாதிரியாருடன் நின்றது. ஆசிரியரின் பெயர் நாடறிந்த ரகசியம் ஆன பின்னரும் தீனபந்து பணியில் நீடித்தார்.

குமாஸ்தாக்கள் கட்டிய அரங்கம்: அதன்பின் அவர் எழுதியவை பெரும்பாலும் சமூக நையாண்டி நாடகங்கள். 1866-ல் வெளிவந்த 'சதவார் ஏகாதசி' ஆங்கிலப் படிப்போடு குடிப்பழக்கத்தையும் கற்றுக்கொண்ட கல்கத்தா இளைஞர்களைக் காட்டியது. அதே ஆண்டின் 'பியே பாக்லா புரோ' கல்யாணப் பித்துப் பிடித்த கிழவரைக் கேலி செய்தது. 'லீலாவதி', 'ஜாமாய் பாரிக்' ஆகியவை தொடர்ந்தன.

அதுவரை கல்கத்தாவில் நாடகம் என்பது செல்வர் மாளிகைகளின் பொழுதுபோக்கு. பட்டாடையும் அணிகலனும் வாங்கச் சாமானியரால் இயலாது. தீனபந்துவின் பாத்திரங்களோ தெருவில் நடமாடுகிறவர்கள். அவர்களை மேடையேற்ற அன்றாட உடையே போதும். பாக்பஜார் பகுதி இளைஞர்கள் இதனைப் பற்றிக்கொண்டனர். அவர்களின் தலைவர் கிரிஷ் சந்திர கோஷ், ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலையில் இருந்தவர். பகலில் பேரேடு, மாலையில் ஒத்திகை என்று வாழ்ந்த அவரும் நண்பர்களும் 1860-களின் இறுதியில் 'சதவார் ஏகாதசி'யை மேடையேற்றினர். தீனபந்துவின் நாடகங்கள் இல்லாவிடில் பணமில்லாத இளைஞர்கள் அரங்கம் அமைத்திருக்க முடியாது என்று பிற்காலத்தில் கிரிஷ் நன்றியுடன் பதிவு செய்தார்.

அந்தக் குழுவிலிருந்து பிறந்ததே நேஷனல் தியேட்டர். 1872 டிசம்பர் 7-ல் கல்கத்தா ஜோராசாங்கோவில் ஒரு வீட்டு முற்றத்தில், கட்டணம் செலுத்தும் எவரும் பார்க்கலாம் என்ற அறிவிப்புடன் அதன் முதல் நாடகம் அரங்கேறியது. தேர்ந்தெடுக்கப்பட்டது 'நீல் தர்பண்'. டிக்கெட் விற்பதை ஏற்காத கிரிஷ் அன்று விலகி நின்றார். துரை வேடத்தில் அர்த்தேந்து சேகர் முஸ்தபி நடித்ததைக் கண்டு கொதித்த வித்யாசாகர் செருப்பை வீசினார் என்றும், அதை நடிகர் பரிசாக ஏற்றார் என்றும் ஒரு கதை வழங்கிவருகிறது. 'இங்கிலீஷ்மேன்' மீண்டும் எதிர்ப்புக் குரல் எழுப்பியது.

பட்டமும் பாராமுகமும்: 1871-ல் லூஷாய் மலைப் போரின்போது படைகளுக்குத் தபால் ஏற்பாடு செய்யத் தீனபந்து கச்சாருக்கு அனுப்பப்பட்டார். பணியைச் செவ்வனே முடித்தார். ராய் பகதூர் பட்டம் கிடைத்தது. அதற்கு மேல் உயர்வு கிடைக்கவில்லை. உழைப்புக்கும் தகுதிக்கும் உரிய பதவி அவருக்குக் கிட்டாததற்குத் தோலின் நிறமே காரணம் என்பதை, தானும் அரசு அதிகாரியாகவே இருந்த பங்கிம் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அலைச்சலும் நோயும் உடலை உருக்கின. 1873 நவம்பர் 1-ல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, தீனபந்து மறைந்தார்.

பணியைத் துறந்திருந்தால் இன்னும் எழுதியிருப்பார் என்று சொல்வோர் உண்டு. ஆனால், மனைவி மக்களைக் காப்பாற்றப் பேனா போதாத காலம் அது. மேலும், கிராமந்தோறும் அவரை இட்டுச் சென்றதே அந்த உத்தியோகம்தான். பெயரை மறைத்ததைக் கோழைத்தனம் என்பதும் பொருந்தாது. கண்டதைச் சொல்லாமல் ஓய்வூதியத்துக்குக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அவர் சொல்லிவிட்டுப் பணிக்குத் திரும்பியவர்.

நாடகத்துக்கு எதிரான சட்டம்: அவர் மறைந்த பிறகும் நாடகம் ஓயவில்லை. 1875-ல் கிரேட் நேஷனல் தியேட்டர் குழு லக்னோவில் 'நீல் தர்பண்' நடத்தியது. தோராப் துரையை அடிக்கும் காட்சியில் வெள்ளைச் சிப்பாய்கள் மேடைமீது பாய்ந்தனர்; நாடகம் பாதியில் நின்றது. குழுவிலிருந்த நடிகை வினோதினி இதைத் தம் தன்வரலாற்றில் விவரித்திருக்கிறார். மறு ஆண்டு, வேல்ஸ் இளவரசரை அந்தப்புரத்துக்கு அழைத்த கல்கத்தா வழக்கறிஞரைக் கேலி செய்த நாடகம் உடனடிச் சாக்காக, வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் பிறப்பித்தார். 1876 இறுதியில் அது நாடக நிகழ்ச்சிகள் சட்டமாயிற்று. அவதூறு, அரசுக்கு எதிரான வெறுப்பு, ஒழுக்கக்கேடு ஆகிய காரணங்களைக் காட்டி எந்த நாடகத்தையும் தடை செய்யலாம்; மீறினால் மூன்று மாதம்வரை சிறை.

வெள்ளையர் போன பின்னும் சட்டம் போகவில்லை. 1953-ல் அதே லக்னோவில், பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையை இப்டா அமைப்பு நாடகமாக்கியபோது இச்சட்டம் பாய்ந்தது. அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என 1956-ல் அலாகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் எம்.ஆர். ராதாவின் நாடகங்களை முன்னிட்டு 1954-ல் இதே சாயலில் ஒரு சட்டம் வந்தது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் ரத்து செய்தது. 1876-ஆம் ஆண்டு மூலச் சட்டத்தை, காலாவதியான சட்டங்கள் பலவற்றுடன் சேர்த்து நாடாளுமன்றம் 2018-ல்தான் முறைப்படி நீக்கியது.

பெயர் போடாமல் ஒருவர் எழுதிய நாடகத்தின் மீது ஓர் அரசு கொண்ட அச்சத்துக்கு ஆயுள் நீண்டதாகவே இருந்தது. அவுரி வயல்கள் மறைந்துவிட்டன; வங்கத்தின் பாடநூல்களிலும் மேடைகளிலும் 'நீல் தர்பண்' இன்றும் இருக்கிறது. இப்போது அதன் முகப்பில் ஆசிரியர் பெயரும் இருக்கிறது.