இரண்டு பெண்பிள்ளைகளின் தந்தை: அபூபக்ர் ஸித்தீக் (ரலி)

  

 அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களைப் பற்றி மிம்பரில் பேசும்போது குகையைப் பேசுவோம், கிலாஃபத்தைப் பேசுவோம், ஜகாத் தர மறுத்தவர்களுக்கு எதிராக அவர்கள் காட்டிய உறுதியைப் பேசுவோம். அவர்களுடைய வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போவது குறைவு. அந்த வீட்டில் அஸ்மா (ரலி), ஆயிஷா (ரலி) என்று இரண்டு பெண்பிள்ளைகள் வளர்ந்தார்கள். அந்த வீட்டைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்த பெரும்பாலான செய்திகள் அந்த இரண்டு பிள்ளைகளின் வாய் வழியாக வந்தவைதாம். ஒரு தந்தை வீட்டில் எப்படி இருந்தார் என்பதற்கு அவருடைய பெண்மக்களை விடப் பெரிய சாட்சி யார்?

அபூபக்ர் (ரலி) மக்காவில் துணி வியாபாரி. இஸ்லாத்தை ஏற்றபோது அவர்கள் கையில் 40,000 திர்ஹம் இருந்ததாக வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். பிலால் (ரலி), ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி) போன்ற அடிமைகளை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்ததில் அந்தப் பணம் கரைந்துகொண்டே வந்தது. அஸ்மாவின் தாயார் குத்தைலா. அறியாமைக் காலத்திலேயே அவருக்கும் அபூபக்ருக்கும் தலாக் ஆகிவிட்டது. ஆயிஷாவின் தாயார் உம்மு ரூமான் (ரலி). அதாவது இரண்டு பிள்ளைகளுக்கும் தாய் வேறு வேறு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹதீஸ் கிதாபுகளில் இந்த அக்கா தங்கை வரும் இடங்களையெல்லாம் வாசித்துப் பாருங்கள். தாய் வேறு என்ற வாடை எங்கேயும் அடிக்காது. தங்கை அக்காவிடம் மாலையை இரவல் வாங்கிப் போடுகிறார். அக்காவின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் தங்கை உம்மு அப்துல்லாஹ் என்று அழைக்கப்படுகிறார். இது தானாக வந்திருக்காது. அந்த வீட்டின் தலைவர் அப்படி நடத்தியிருக்கிறார்.

வீட்டு முற்றத்திலேயே அபூபக்ர் (ரலி) தொழுவதற்கு ஓர் இடம் அமைத்திருந்தார்கள். அங்கே நின்று குர்ஆன் ஓதுவார்கள். ஓதும்போது கண்ணீரை அடக்க அவர்களால் முடியாது. இணைவைப்பவர்களின் பெண்களும் பிள்ளைகளும் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். குறைஷிகளுக்கு இதுவே பெரிய தலைவலியாகப் போய்விட்டது. தமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தம் பெற்றோர் இருவரையும் மார்க்கத்தில் இருப்பவர்களாகவே கண்டதாகவும், காலையிலும் மாலையிலும் நபி (ஸல்) அவர்கள் தங்கள் வீட்டுக்கு வராத நாளே இல்லை என்றும் ஆயிஷா (ரலி) பிற்காலத்தில் சொன்னார்கள். பிள்ளைக்குத் தனியாக உட்கார வைத்துப் பாடம் நடத்தியதாகச் செய்தி இல்லை. வீட்டில் நடந்ததைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

ஹிஜ்ரத்துக்கு அனுமதி வரும் என்ற எதிர்பார்ப்பில் அபூபக்ர் (ரலி) இரண்டு ஒட்டகங்களுக்கு நான்கு மாதம் வேல மரத்தின் இலையைத் தீனியாகப் போட்டு வளர்த்தார்கள். பிள்ளைகள் அதையும் பார்த்தார்கள். ஒருநாள் உச்சி வெயிலில், வழக்கமாக வராத நேரத்தில், தலையைத் துணியால் மூடியபடி நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள். வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்பும்படி அபூபக்ரிடம் சொன்னார்கள். அப்போது வீட்டில் இருந்தது அஸ்மாவும் ஆயிஷாவும்தான். இவர்கள் வேறு யாருமில்லை, தம் இரு மகள்கள்தாம் என்று அபூபக்ர் (ரலி) பதில் சொன்னதாக இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார்கள்.

சகோதரர்களே, அந்த நிமிடத்தின் கனத்தை யோசியுங்கள். வெளியே நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டம் தயார். ஒரு சொல் கசிந்தாலும் போதும், எல்லாம் முடிந்துவிடும். அப்படிப்பட்ட ரகசியத்தின் முன்னால் தம் பெண்பிள்ளைகளைக் காட்டி, இவர்கள் இருக்கலாம் என்று ஒரு தந்தை சொல்கிறார். பெண்ணிடம் ரகசியம் தங்காது என்று ஊரில் நாம் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். ஸித்தீக் அவர்கள் அப்படி நினைக்கவில்லை. நபி (ஸல்) அவர்களும் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு, பிள்ளைகள் இருக்கும்போதே விஷயத்தைச் சொன்னார்கள். பயணத்தில் தாமும் துணை என்று தெரிந்ததும் அபூபக்ர் (ரலி) அழுதுவிட்டார்கள். சந்தோஷத்தாலும் ஒருவர் அழுவார் என்பது அன்றுவரை தமக்குத் தெரியாது என்று ஆயிஷா (ரலி) சொல்லிக் காட்டுவார்கள்.

பிறகு இரண்டு பேரும் அவசர அவசரமாகப் பயண உணவு தயாரித்தார்கள். தோல் பையின் வாயைக் கட்டக் கயிறு கிடைக்கவில்லை. அஸ்மா (ரலி) தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்து அதைக் கட்டினார்கள். இரு கச்சைக்காரர் என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. நமக்கு எல்லாம் தெரிந்த செய்தி. ஸவ்ர் குகையில் அவர்கள் மூன்று இரவுகள் தங்கினார்கள். மகன் அப்துல்லாஹ் ஊர்ச் செய்தி கொண்டு போனார். ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி) ஆடுகளை ஓட்டிப் போய்ப் பால் கொடுத்தார். அஸ்மா (ரலி) மாலையில் உணவு கொண்டு போனார். வீடே வேலை செய்தது.

இங்கே ஒரு கேள்வி. அபூபக்ர் (ரலி) போகும்போது வீட்டில் மிச்சமிருந்த 5,000 அல்லது 6,000 திர்ஹம் முழுவதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெண்பிள்ளைகளை எதிரிகள் நடுவே விட்டுவிட்டு, ஒரு காசும் வைக்காமல் போவது சரியா? இதை வாலிபர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். அது சுற்றுலாச் செலவுக்காக எடுத்த பணம் அல்ல. தலைக்கு விலை வைக்கப்பட்ட அல்லாஹ்வின் தூதரை மதீனா கொண்டு சேர்க்கும் பயணம் அது. அந்தக் காலத்தை முன்னோடியாக வைத்து, நாம் வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் தர்மம் பண்ணக் கிளம்பினால் அதை மார்க்கம் ஏற்காது. இன்னொன்றும் உண்டு: அவர்கள் விட்டுப்போனது எப்படிப்பட்ட பிள்ளைகளை என்பதைப் பார்க்க வேண்டும்.

பாட்டனார் அபூ குஹாஃபா வந்தார். கண்பார்வை போனவர், அப்போது இஸ்லாத்துக்கு வரவில்லை. மகன் தானும் போய், பணத்தையும் கொண்டுபோய்ப் பிள்ளைகளைத் தவிக்க விட்டுவிட்டானே என்று அங்கலாய்த்தார். அஸ்மா (ரலி) என்ன செய்தார்கள் தெரியுமா? கற்களைப் பொறுக்கி, அத்தா பணம் வைக்கும் சுவர் மாடத்தில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடி, பாட்டனாரின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்கள். நிறைய விட்டுச் சென்றிருக்கிறார் என்று சொன்னார்கள். கிழவர் தடவிப் பார்த்துச் சமாதானமாகிப் போனார். உண்மையில் ஒன்றுமே இல்லை, அந்த முதியவரின் மனம் ஆறவேண்டும் என்றுதான் அப்படிச் செய்ததாக அஸ்மா (ரலி) பின்னாளில் சொன்னார்கள். தந்தை மேல் குறை வராமலும் பார்த்துக்கொண்டார்கள், பாட்டனாரின் மனதையும் பார்த்துக்கொண்டார்கள். அபூ ஜஹ்ல் வாசலில் வந்து நின்று, தந்தை எங்கே என்று கேட்டுக் கன்னத்தில் அறைந்ததில் காதணி தெறித்து விழுந்தது. அப்போதும் அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

மதீனாவில் கால் ஊன்றியதும் அபூபக்ர் (ரலி) குடும்பத்தை வரவழைத்துக்கொண்டார்கள். மகன் அப்துல்லாஹ் உம்மு ரூமானையும் சகோதரிகளையும் அழைத்து வந்தார். அஸ்மா (ரலி) அப்போது ஜுபைர் (ரலி) அவர்களின் மனைவி, நிறைமாதக் கர்ப்பிணி. குபாவில் வைத்துத்தான் அப்துல்லாஹ் பிறந்தார்.

மதீனாவின் காய்ச்சல் முஹாஜிர்களைப் போட்டு வாட்டிய நேரம் அது. அபூபக்ர் (ரலி) ஆஸிப் (ரலி) என்ற அன்ஸாரியிடம் 13 திர்ஹத்துக்கு ஓர் ஒட்டகச் சேணம் வாங்கினார்கள். ஆஸிபின் மகன் பராஉ சிறுவர். அதைத் தூக்கிக்கொண்டு கூடவே அவர்கள் வீட்டுக்குப் போனார். உள்ளே ஆயிஷா (ரலி) காய்ச்சலில் படுத்திருந்தார்கள். தந்தை நேரே போய்க் குனிந்து, மகளின் கன்னத்தில் முத்தமிட்டு, சின்ன மகளே என்று செல்லமாக அழைத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்ததை அந்தச் சிறுவர் பார்த்துக்கொண்டு நின்றார். புகாரியில் இருக்கிறது. ஹிஜ்ரத்தின் முழு வரலாற்றையும் அறிவிக்கும் அதே பராஉ (ரலி) தான் இந்த முத்தத்தையும் மறக்காமல் சொல்கிறார். வெளியாள் ஒருவர் கூட நிற்கிறார் என்பதற்காக அந்தத் தந்தை வெட்கப்படவில்லை.

அஸ்மாவின் வாழ்க்கை கஷ்டமாக இருந்தது. ஜுபைர் (ரலி) அவர்களிடம் ஒரு குதிரையும் தண்ணீர் இறைக்கும் ஒட்டகமும் தவிர வேறு சொத்து இல்லை. குதிரைக்குத் தீனி, தண்ணீர், மாவு பிசைவது எல்லாம் அஸ்மாதான். ரொட்டி சுடத் தெரியாது. பக்கத்து வீட்டு அன்ஸாரிப் பெண்கள் சுட்டுக் கொடுப்பார்கள். ஒரு ஃபர்ஸக்கில் மூன்றில் இரண்டு பங்கு தூரம், ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்கு மேல் வரும், அங்கிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்கள். ஒரு கட்டத்தில் தந்தை ஒரு பணியாளை அனுப்பி வைத்தார்கள், குதிரையைப் பார்த்துக்கொள்ள. தம்மை அடிமைத்தளையிலிருந்து விடுவித்தது போல இருந்ததாக அஸ்மா (ரலி) சொன்னார்கள். மருமகனைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. மகளுக்கு எது பாரமோ அதை மட்டும் பார்த்து எடுத்துவிட்டார்கள். கட்டிக் கொடுத்தாயிற்று, இனி அவள் பாடு என்று கை கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸித்தீக் அவர்கள் இரண்டையும் செய்யவில்லை.

கோபமே படமாட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். படுவார்கள். ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அணிந்திருந்த மாலை தொலைந்தது. அக்காவிடம் இரவல் வாங்கிய அதே மாலை. தேடுவதற்காகப் படையே நின்றுவிட்டது. தண்ணீர் இல்லாத இடம். மக்கள் வந்து அபூபக்ரிடம் முறையிட, அவர்கள் போய் மகளைக் கடிந்துகொண்டு இடுப்பில் குத்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்ததால் ஆயிஷா (ரலி) அசையவில்லை. அந்த விடியலில்தான் தயம்மும் சட்டம் இறங்கியது. ஒட்டகத்தை எழுப்பினால் மாலை அதன் அடியில் கிடந்தது.

இன்னொரு நாள் நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வந்தபோது மகளின் குரல் உயர்ந்து கேட்டது. அறையப் போய்விட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் குறுக்கே நின்று தடுத்தார்கள். கோபத்தோடு அபூபக்ர் (ரலி) வெளியேறிய பிறகு, அந்த மனிதரிடமிருந்து உன்னை எப்படிக் காப்பாற்றினேன் பார்த்தாயா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மனைவியிடம் வேடிக்கையாகப் பேசினார்கள். சில நாள் கழித்து அபூபக்ர் (ரலி) வந்து பார்த்தால் இருவரும் இணக்கமாக இருக்கிறார்கள். உங்கள் சண்டையில் என்னைச் சேர்த்தது போல இந்தச் சமாதானத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள், சேர்த்துக்கொண்டார்கள். அபூதாவூதில் வரும் செய்தி. மகளின் குடும்பத்தில் சமாதானம் ஆகிவிட்டால் தன் கோபத்தையும் அத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்மில் பலருக்கு, பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்த பிறகும் நம் கோபம் தீருவதில்லை.

கலீஃபா ஆனார்கள். மறுநாள் காலையே தோளில் துணிகளைப் போட்டுக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பியதும், உமர் (ரலி) தடுத்ததும் நீங்கள் கேட்டது. ஸுன்ஹ் பகுதியில் அவர்கள் அண்டை வீட்டாரின் ஆடுகளில் பால் கறந்து கொடுப்பது வழக்கம். இனி எங்கள் ஆடுகளில் யார் கறப்பார் என்று அந்தத் தெருவின் சிறுமி ஒருத்தி கவலைப்பட்டாள். கறந்து தருவதாக அவளுக்கு உறுதி சொல்லி, அப்படியே செய்தும் வந்தார்கள்.

ஹிஜ்ரி 13-ல், 63 வயதில், மரணப் படுக்கை. முன்பு ஆயிஷாவுக்கு, காபா என்ற இடத்திலிருந்த தோட்டத்தின் விளைச்சலில் 20 வஸக் பேரீச்சம்பழம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு வஸக் என்பது 60 ஸாவு. பெரிய அளவு அது. ஆயிஷா (ரலி) அதைப் பறித்துக் கைவசப்படுத்தியிருக்கவில்லை. இப்போது மகளை அழைத்தார்கள். தமக்குப் பிறகு மகள் வசதியாக இருப்பதை விடத் தமக்குப் பிரியமானது எதுவுமில்லை, அவள் வறுமையில் வாடுவதை விடத் தமக்குப் பாரமானது எதுவுமில்லை என்று முதலில் சொன்னார்கள். பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். அதை அவர் முன்பே பறித்து எடுத்திருந்தால் அவருடையது. எடுக்கவில்லை, எனவே இன்று அது வாரிசுகளின் சொத்து, இரண்டு சகோதரர்களும் இரண்டு சகோதரிகளும் அல்லாஹ்வின் வேதப்படி பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். அன்பளிப்பு கையில் ஒப்படைக்கப்பட்டால்தான் முழுமை பெறும் என்பதற்கு ஃபிக்ஹ் உலமாக்கள் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். கடைசி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும் ரகசியமாக எழுதிவைக்க ஆள் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அங்கே உயிர் போகும் நேரத்தில் ஒரு தந்தை, தாம் மிகவும் நேசிக்கும் மகளிடம், மற்றவர்களின் பங்கைத் திருப்பிக் கேட்கிறார்.

ஆயிஷா (ரலி) தயங்கவில்லை. அதை விடப் பெரிய சொத்தாக இருந்தாலும் விட்டுக் கொடுத்திருப்பேன் என்றார்கள். ஆனால் ஒரு சந்தேகம். சகோதரி என்று இருப்பது அஸ்மா ஒருவர்தானே, இன்னொரு சகோதரி யார்? மனைவி பின்த் காரிஜாவின் வயிற்றில் இருக்கும் குழந்தைதான், அது பெண்ணாக இருக்கும் என்று தமக்குத் தோன்றுவதாக அபூபக்ர் (ரலி) சொன்னார்கள். இன்னும் முகம் பார்க்காத, பார்க்கவும் போகாத ஒரு பெண்பிள்ளைக்கு அவர்கள் பங்கு ஒதுக்கினார்கள்.

தந்தை மறைந்த பிறகு பெண் குழந்தைதான் பிறந்தது. உம்மு குல்ஸூம் என்று பெயர். வளர்ந்து தல்ஹா (ரலி) அவர்களுக்கு மனைவியானார். அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்தக் குழந்தைக்கு ஆயிஷா என்று பெயரிட்டார்கள். அல்லாஹ் அவர்கள் அனைவரையும் பொருந்திக்கொள்வானாக! ஆமீன்.